முழங்கால் மண்ணைத் தொட்டால்

மிருகங்களுக்கும் பேச்சு வாய்த்திருந்த அந்தக் காலத்தில், அமெரிக்கப் புல்வெளி ஒன்றில் ஒரே ஒரு ஆறு ஓடியது. கோடையில் அதுவும் சுருங்கிவிடும். இரண்டு கூட்டத்துக்குத் தண்ணீர் பற்றாது. அதனால் காட்டெருமைகளும் மான்களும் வருஷா வருஷம் ஒரு ஆட்டம் ஆடி, ஜெயித்தவர்களுக்கே ஆறு என்று வைத்துக்கொண்டன.

இருபக்கமும் கூம்பிய ஒரு காய்ந்த சுரைக்காயை எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். அதை வைத்திருப்பவனை மோதித் தள்ளலாம். எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. நடுவராக ஸ்கங்க் இருந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட சின்னப் பிராணி, ஆனால் கோபம் வந்தால் அது விடும் நாற்றம் குடலைப் புரட்டும். அதனால் அதனிடம் வாதாட யாருக்கும் துணிச்சல் கிடையாது.

எருமைகளில் பலசாலி திமிலன். மான்களில் வேகக்காரன் கவையன். ஆட்டத்தில்தான் எதிரிகள், மற்ற நாளெல்லாம் ஒன்றாக மேய்கிற சிநேகிதர்கள்.

அந்த வருஷம் கடும் வறட்சி. திமிலனின் கன்று நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது. "தோத்துட்டு வந்துடாதே," என்றாள் அதன் தாய்.

கவையன் சுரைக்காயைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு பறந்தான். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் குழியில் கால் இடறி, முன்முழங்கால் மண்ணில் பட விழுந்தான்.

"விழுந்துட்டேன்டா திமிலா! நில்லுடா!"

திமிலனுக்கு நன்றாகவே கேட்டது. நின்றிருக்கலாம். ஆனால் சுரைக்காய் இன்னும் கவையனின் தாடைக்கடியில் இருக்கிறதே என்று மனம் கணக்குப் போட்டது. முழுப் பலத்தோடு மோதினான். கவையனின் கால் எலும்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

சுரைக்காய் உருண்டது. ஒரு எருமை அதை எடுத்துக்கொண்டு ஓடியது, ஆறும் எருமைகளுக்கே வந்தது. ஆனால் ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை.

திமிலன் பதறி அருகே போனான். "கிட்ட வராதே," என்றான் கவையன். திமிலன் அதற்குமேல் ஓரடி வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு முன்காலை மடக்கி மண்ணில் ஊன்றினான். அதைப் பார்த்து இரண்டு கூட்டமும் முழங்கால் ஊன்றின.

பத்தடி தூரத்தில் ஒரு மரநிழல். கவையன் எழுந்தான், விழுந்தான். மறுபடி எழுந்தான், விழுந்தான். மூன்றாவது தடவையும் விழுந்தான். நான்காவதில்தான் நிழலை எட்டினான். ஒவ்வொரு முயற்சியையும் திமிலன் எண்ணிக்கொண்டே இருந்தான். அவன் எண்ணி முடித்தபோது கண்ணில் நீர் நின்றது.

"இனிமே முழங்கால் மண்ணைத் தொட்டா ஆட்டம் அங்கேயே நிக்கணும். அப்புறம் விழுந்தவனை யாரும் தொடக் கூடாது," என்றான் திமிலன். "பத்தடி போக நாலு வாய்ப்பு. அதுக்குள்ள போயிட்டா இன்னும் நாலு. போக முடியலேன்னா காய் எதிராளிக்கு." ஸ்கங்க் தலையாட்டியது.

"ஆறு இனி ரெண்டு கூட்டத்துக்கும். இருக்கறதைப் பங்கு போட்டுக் குடிப்போம், ஆட்டம் வெறும் ஆட்டமா இருக்கட்டும்," என்றும் அறிவித்தான். அப்போதும் கவையன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஓநாய்கள் வந்தன. மான்களெல்லாம் ஓடின. ஓட முடியாத ஒரே மான் கவையன்தான். தகவல் வந்துசேர்ந்தபோது திமிலன் ஆற்றங்கரையில் இருந்தான். குனிந்த தலையை வெகுநேரம் நிமிர்த்தவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஒரு கணம் நின்றிருந்தால் போதுமே என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

பின்னால் அந்த ஆட்டத்தை மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள், அதுதான் இன்றைய அமெரிக்கக் கால்பந்து. சுரைக்காய் தோல்பந்தானது, அடி கஜமானது, நடுவருக்குக் கோடு போட்ட சட்டை வந்தது. பந்து வைத்திருப்பவன் வீழ்த்தப்பட்டு முழங்கால் மண்ணைத் தொட்டதும் ஊதல் ஒலிக்கும். பத்து கஜத்துக்கு நாலே வாய்ப்பு. யாராவது அடிபட்டு எழாமல் கிடந்தால், மோதிக்கொண்டிருந்த இரண்டு அணியும் ஒற்றை முழங்காலை மண்ணில் ஊன்றிக் காத்திருப்பதும் திமிலன் ஊன்றிய அந்த நாளிலிருந்துதான்.