காட்டுக்கோழி இறகுப் பூச்சி

மூணாறு மலையில் ஓர் எஸ்டேட். அங்கே ஓடையில் ட்ரவுட் மீனை இறகால் கட்டிய பொய்ப்பூச்சி போட்டுத்தான் பிடிக்கலாம். புழு கோத்தால் வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். ஓடைக் காவலாள் செவத்தையாவுக்கு மட்டும் மீன் ஓயாமல் விழுந்தது. பெட்டி நிறையச் சீமையில் கட்டிய பொய்ப்பூச்சி வைத்திருந்த பெரிய துரைக்கு வயிறு எரிந்தது.

"புழுதானேடா போட்டே?"

"இல்லீங்க தொரை. எங்காளுங்க காலங்காலமாக் கட்டுற காட்டுக்கோழி இறகுப் பூச்சிங்க."

"அந்தக் குப்பையைப் பூச்சின்னு எவன் நம்புவான்? ஓடைப்பக்கம் போகாம, நான் இந்த டீயைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நிரூபி. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு!"

செவத்தையா மேசையருகே வந்து, நன்றாகக் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தான். துரை கோப்பையைத் தூக்கியவர் அலறினார்.

"பட்லர்! டீயில பூச்சி நீந்துது!"

பட்லர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். வயிற்றைச் சுற்றிச் சிவப்பு நூல் முடிச்சு. ஆனாலும் கோப்பையின் ஆவி பட்டு இறகு மூச்சு விடுவதுபோல் அசைந்தது. துரை குனிந்து மெல்ல ஊதினார். அது சிறகு விரித்தது.

"நீங்களே நம்பிட்டீங்க தொரை," என்றான் செவத்தையா. "மீன் பாவம், நம்பாம என்ன செய்யும்?"

துரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுலேயே இரு," என்றார் தணிந்த குரலில். "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு."