இலுப்பை வாசமும் ஒரு பிடிக் கிழங்கும்

கருவேலங்காட்டு ஏரிக்கு அருகே ஓர் இலுப்பை மரம். அதன் அடியில் இருந்த புதரில் தும்பை என்ற முயல் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. வேடன் வைத்த கண்ணியில் மாட்டித் தப்பியதில் அதன் பின்னங்கால் ஒன்று முடமாகிவிட்டது. ஓட முடியாத முயலுக்குக் கோடையில் என்ன கிடைக்கும்? காய்ந்த சருகுதான் கிடைக்கும்!

நல்லவேளையாக அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் எல்லா விலங்குகளும் தங்களுக்குக் கிடைத்ததில் ஒரு பங்கைப் பாறைப் பொந்தில் சேர்த்து வைக்கும். கோடையில் இரை தேட முடியாதவர்கள் காலையில் வந்து ஒரு பிடிக் கிழங்கு வாங்கிக்கொள்ளலாம். தும்பை அந்த ஒரு பிடியைத் தின்றுதான் குட்டிகளுக்குப் பால் கொடுத்தது. வாங்கும்போதெல்லாம், "தோண்டிப் போட்ட மகராசன் நல்லா இருக்கணும்!" என்று மனதார வாழ்த்தும்.

அந்த மகராசன் வேறு யாருமல்ல, கோரையன் என்ற காட்டுப்பன்றி. பொந்தில் கிடந்த கிழங்கில் பாதிக்கு மேல் அது தோண்டியதுதான். உழைப்பாளி. ஆனால் மூக்கின் நுனியில் கோபம்.

ஒரு நாள் கோரையன் கிழங்கு தோண்டிவிட்டு வரும் வழியில் கரடியைப் பார்த்தது. புளித்துப்போன இலுப்பைப் பூவை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, கரடி போதையில் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் பொந்திலிருந்து வாங்கிய கிழங்கு பாதி கடித்தபடி ஈ மொய்த்துக் கிடந்தது.

கோரையனுக்கு வயிறு எரிந்தது. "மூக்குத் தேயத் தேயத் தோண்டுறது நானு! மப்புல கிடக்கிறவனுக்குத் தீனியா அது?"

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது கரடியோடு நிற்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் காட்டுக்கே சட்டமாகிவிட்டது.

"இனிமே பொந்துக்கு வர்றவங்க எல்லாரும் வாயை ஊதிக் காட்டணும்! இலுப்பை வாசம் வந்தா மூணு நாளைக்கு ஒண்ணும் கிடையாது!" என்று கோரையன் அறிவித்தது.

முகர்ந்து பார்க்கும் வேலை கீரிக்குக் கிடைத்தது. பதவி வந்ததுமே கீரியின் வால் இரண்டு பங்கு பருத்துவிட்டது. பொந்தின் வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

முதலில் வந்தது தும்பைதான்.

"ஊது!" என்றது கீரி.

தும்பை ஊதியது. கீரியின் மூக்கு சுருங்கியது.

"இலுப்பை! தள்ளி நில்லு!"

"ஐயோ தம்பி! போதைக்காகத் திங்கலை! நேத்து ராத்திரி பசி தாங்கலை. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? வீட்டுக்கு மேல இருக்கிற மரத்துல இருந்து நாலு பூ விழுந்துச்சு. எடுத்துத் தின்னேன்!"

"ஏன் தின்னேன்னு கேக்கிறது என் வேலை இல்லக்கா. வாசம் அடிக்குதா இல்லையா, அவ்வளவுதான்!"

"பிள்ளைங்களுக்குப் பால் வத்திடும் தம்பி!"

"மூணு நாள் கழிச்சு வாங்க! அடுத்தது யாரு?"

வெறும் வாயோடு தும்பை திரும்பியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரடியோ அன்று பொந்துப் பக்கமே வரவில்லை. யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அந்த ஆசாமி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது!

குட்டிகளிடம் போக மனம் வராமல் தும்பை நொண்டி நொண்டி ஏரிக்குப் போனது. வற்றிய ஏரியைச் சுற்றிலும் ஆளை விழுங்கும் சேறு. தண்ணீருக்குப் போக ஒரே ஒரு கல் பாதைதான். அதைக் காவல் காப்பது உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடாது. வாதம் என்றாலும் அப்படித்தான்.

"ஏன்டி அழுவுறே? முதல்ல தண்ணியைக் குடி!" என்றது உடும்பு.

தும்பை குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னது. உடும்பு உடனே கீரியை வரவழைத்துப் பக்கத்தில் நிற்க வைத்தது.

உச்சி வெயிலில் கோரையன் வந்தது. விடிந்ததிலிருந்து தோண்டிய களைப்பு. நாக்கு வெளியே தொங்கியது. பாதையில் கால் வைக்கப் போனபோது உடும்பு குறுக்கே படுத்தது.

"ஊது!"

"என்ன விளையாட்டு இது! தொண்டை காயுது, வழியை விடு!"

"இந்த ஏரியை நீ தோண்டினியா?"

"இல்லை. மழை கொடுத்தது."

"அப்ப இது பொதுச்சொத்து. பொதுவுல இருந்து வாங்குறவங்க ஊதணும். நீ போட்ட சட்டம்தானே!"

"நான் உழைக்கிறவன்! நானும் அந்தக் கரடியும் ஒண்ணா?"

"அது ஊதினாத்தானே தெரியும்!"

வேறு வழியில்லாமல் கோரையன் ஊதியது. கீரி முகர்ந்தது. அதன் பருத்த வால் மெல்லச் சுருங்கியது. ஆனாலும் பொய் சொல்ல அதற்குத் தெரியாது.

"அண்ணே... இலுப்பை வாசம் வருது."

"வழியில ரெண்டு பூ கிடந்துச்சு, வாயில போட்டேன்! களைப்புக்கு எல்லாரும் திங்கிறதுதானே!"

"ஏன் தின்னேன்னு இங்க யாரும் கேக்கலை. மூணு நாள் கழிச்சு வா!" என்று உடும்பு கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டடி தூரத்தில் தண்ணீர் மினுங்கியது. கெஞ்சிப் பழக்கமில்லாத அந்தப் பன்றி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

தும்பைக்கு முதலில் உள்ளூர ஒரு திருப்தி. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த உலர்ந்த நாக்கைப் பார்த்ததும் அதன் மனசு கேட்கவில்லை. நொண்டிக்கொண்டே முன்னால் வந்தது.

"அக்கா, வழியை விடுங்க. அண்ணன் குடிக்கட்டும்."

"உன்னைப் பட்டினி போட்டவனுக்கா பரிஞ்சு பேசுறே?" உடும்பு கண்ணைத் திறந்தது.

"நேத்து வரைக்கும் எனக்குச் சோறு போட்டதும் அவர்தானே! அவர் தோண்டின கிழங்குலதான் என் பிள்ளைங்க உசுரோட இருக்கு. அந்த நன்றியை ஒரு நாள் பசியில நான் மறந்துட முடியுமா? தவிச்ச வாய்க்கு முதல்ல தண்ணி, அக்கா!"

உடும்பு விலகியது.

கோரையன் குடித்தது. பிறகு நேராகப் பாறைப் பொந்துக்கு ஓடியது. வாய் கொள்ளும் மட்டும் கிழங்கை அள்ளிக்கொண்டு தும்பையின் புதருக்கு வந்தது.

"தங்கச்சி, முதல்ல நீ தின்னு. பிள்ளைங்களுக்குப் பால் கொடு. நான் கிழங்கைத்தான் தோண்டினேன். அது யார் பசியை ஆத்துதுன்னு திரும்பிக்கூடப் பார்க்கலை. என்னை மன்னிச்சுடு."

தும்பை கிழங்கைக் கடித்தது. கண்ணீர் வழிந்து வாயில் உப்புக் கரித்தது. "மகராசன் நீங்க, அண்ணே!" என்றது. குட்டிகள் இரண்டும் முட்டி மோதிப் பால் குடித்தன.

திரும்பும் வழியில் கோரையன் கரடியைத் தட்டி எழுப்பியது.

"டேய், இந்தா கிழங்கு! தின்னுட்டு என்கூடத் தோண்ட வா. உன் கையில இருக்கிற நகம் என் மூக்குக்கு இல்லையே!"

கரடி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. ஊதும் சட்டம் அன்றோடு ஒழிந்தது; வாசலில் முகர்ந்து பார்க்கும் வேலை இனி இல்லாததால் கீரியும் அவர்களோடு தோண்டப் போனது.

பசித்து வந்தவரின் வாயை முகர்ந்து பார்க்காமல், அந்த வாய்க்கு முதலில் ஒரு பிடி உணவு கொடுப்பதே அறம்.