ஈரத்துணி

ஆவுடையப்பனுக்குக் கவிதை வராமல் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மின்சார ஆபீஸில் ரிட்டையர் ஆனதும் கொட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தார். கொட்டியது தலைமுடி மட்டும்தான்.

அவர் ஊர் தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர். தெருவுக்கு இரண்டு தீப்பெட்டி ஆபீஸ். அங்கே பெட்டியில் குச்சி அடைக்கிற பெண்களுக்காகச் சமுதாயக் கூடத்தில் வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு எழுத்து வகுப்பு நடந்தது. இலவசம். நடத்தியவர் தமயந்தி. வயது நாற்பத்தொன்று. பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. காலேஜில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவர். ஆனாலும் ஊர் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

நூலக விழா ஒன்றில் ஆவுடையப்பன் தன் பழைய கவிதை ஒன்றை வாசித்தார். உழைக்கும் பெண்களைப் பற்றியது. கைதட்டல் முடிந்து இறங்கி வந்தவரிடம் தமயந்தி கேட்டார்:

“நல்லா இருந்தது சார். யாரைப் பத்தி?”

“பொதுவா… உழைக்கிற பெண்களைப் பத்தி.”

“அதான் சார். அவங்கள்ல யாரைப் பத்தி?”

 இரண்டு நாள் அந்தக் கேள்வி செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்தியது. மூன்றாம் நாள் ஜெராக்ஸ் கடைக்குப் போய் நின்றார்.

“டீச்சர், எனக்குச் சொல்லிக்குடுங்க.”

“எனக்குக் கவிதையெல்லாம் தெரியாது சார்.”

“கவிதை வேண்டாம். மனுஷங்களைப் பார்க்கச் சொல்லிக்குடுங்க. எனக்கு அது வரலே.”

தமயந்தி கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

“வகுப்புக்கு வந்து அ, ஆ சொல்லிக்குடுக்கிறீங்களா? ஆனா கேட்டுத்தான் சொல்லணும்.”

“யாரைக் கேக்கணும்?”

“வகுப்பை.”

ஆவுடையப்பனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம், காசில்லாமல் வருகிற வாத்தியாருக்கு உத்தரவு கேட்க வேண்டுமாம். இருந்தாலும் இரண்டு நாள் காத்திருந்தார். உத்தரவு கிடைத்தது. இப்படித்தான் அறுபத்தொரு வயதுக்காரர் நாற்பத்தொரு வயதுப் பெண்ணிடம் சீடராகச் சேர்ந்தார்.

வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். கோரைப்பாயில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதுவார்கள். விரல் இடுக்கில் பசையும் தீக்குச்சி மருந்து வாடையும் இருக்கும். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். கிளம்பும் முன் வாளித் தண்ணீரில் நனைத்த துணி கைமாறிக் கைமாறி வரும். எல்லோரும் சிலேட்டை அழித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

முதல் மாதமே ஆவுடையப்பன் பன்னிரண்டு நோட்டு வாங்கிக் கொடுத்தார். தமயந்தி நன்றி சொல்லி வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

“நோட்டுல எழுதினா நிலைச்சு நிக்குமே டீச்சர்?”

“நிக்கும் சார்.”

 பிறகு ஏன் பூட்டி வைத்தீர்கள் என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆவுடையப்பன் வீட்டு விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டை மனைவி பகவதி மேல் விட்டெறிந்தார். புருவத்தில் மூன்று தையல். மறுநாள் முதல் பஸ்ஸில் அந்தம்மாள் திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. மகளுக்குப் பிரசவம், துணைக்குப் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னார் ஆவுடையப்பன். அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. யாராவது கேட்டால் இன்னமும் பிரசவம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் அதை நம்புகிறது என்பது அவர் நம்பிக்கை.

வகுப்பில் கெட்டிக்காரி வேலுத்தாய். முப்பத்தைந்து வயது. எதற்காக எழுதப் படிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டார்.

“மக மதுரையில ஆஸ்டல்ல இருக்கா சார். போனு எங்க வீட்டுக்காரர்ட்ட இருக்கும். பேசும்போது பக்கத்துலயே நிப்பாரு. லெட்டர்னா அவருக்குப் படிக்கத் தெரியாதுலா?”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐந்தாம் மாதம் அவள் சொந்தமாக வாக்கியம் எழுத ஆரம்பித்தாள். ஒருநாள் ஆவுடையப்பன் பின்னால் நின்று அவள் சிலேட்டைப் படித்தார்.

‘அவர் அடிச்ச அன்னைக்கு அவருக்கு முதல்ல குழம்பு எடுத்து வைப்பேன். பிறகுதான் சட்டியில் உப்பு போடுவேன். நாக்கு செத்துப் போச்சு என்று டாக்டரிடம் போய் வருகிறார்.’

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. வேலுத்தாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை. அதற்குள் ஈரத்துணி வந்தது. ஒரே இழுப்பில் அழித்தாள். மூன்று வரியும் போய்விட்டது.

ஆனால் ஆவுடையப்பன் மனசில் போகவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். ஆறு வருஷம் வராதது ஆறு நிமிஷத்தில் வந்தது. அன்றைக்கு அவர் அழுதார் என்று சொன்னால் நம்ப வேண்டும். சந்தோஷத்தில் அழுதார்.

கவிதை ஒரு பத்திரிகையில் வந்தது. ‘எளிய மனுஷியின் ஆயுதம்’ என்று எங்கெங்கிருந்தோ பாராட்டி எழுதினார்கள். நூலகத்தில் விழா வைத்தார்கள். குழாய் ஸ்பீக்கரை எதிர்த்த டீக்கடைக் கம்பத்தில் கட்டினார்கள். ஆவுடையப்பன் மைக்கில் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கருத்தப்பாண்டி. லோடுமேன். வேலுத்தாயின் புருஷன். அவன் நாக்குக் கதை தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. பெரியாஸ்பத்திரி பார்த்து, நாட்டு வைத்தியம் பார்த்து, ஒன்றும் கேட்கவில்லை என்று தினமும் புலம்புகிறவன். மூன்றாவது வரியில் பெஞ்சில் ஒருத்தன் சிரித்துவிட்டான்.

“ஏ பாண்டி! ஒன் சீக்குக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாகடே!”

கடையே சிரித்தது. கருத்தப்பாண்டி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை வேலுத்தாய் வகுப்புக்கு வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சண்முகக்கனிதான் சொன்னாள். வேலுத்தாய் வீட்டுக்குப் பக்கத்து வீடு. காலையில் ஆவுடையப்பன் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவள்.

“சோத்துக் கையில ரெண்டு விரல ஒடிச்சிட்டான் டீச்சர். இனிமே மடங்காதுன்னு சொல்லிட்டாக. பெட்டி அடைக்க ஏலாது. பல்பம் பிடிக்கவும் ஏலாது.”

ஆவுடையப்பன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

“டீச்சர், நான் பேர் போடலையே?”

“போடல சார்.”

“ஊர் பேர் போடல. தெருப் பேர் போடல. அவனா நினைச்சுக்கிட்டா நான் என்ன செய்ய முடியும்? நீங்கதானே பார்க்கச் சொன்னீங்க? பார்த்ததை எழுதினேன். இதுல என் தப்பு என்ன?”

தமயந்தி மெஷினை மூடினார். 

“நோட்டு வேண்டாம், சிலேட்டுதான்னு சொன்னீங்களே. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்?”

“நீங்க கேக்கல சார்.”

“அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கட்டுமா?”

“நீங்க வாசல்ல போய் நின்னா அவளுக்கு இன்னும் ரெண்டு அடி விழும்.”

 ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“இல்லேன்னா… இதைப் பத்தியே ஒண்ணு எழுதட்டுமா? மன்னிப்பு மாதிரி?”

நாய் வாலை நிமிர்த்தவா முடியும்? தமயந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“திங்கட்கிழமை வாங்க சார். சொல்லிக்குடுக்க வேண்டாம். பாயில உக்காருங்க.”

திங்கட்கிழமை போனார். பாயில் ஓர் இடம் காலியாக இருந்தது. வேலுத்தாய் உட்காருகிற இடம். அங்கே உட்காரச் சொன்னார் தமயந்தி. அவள் சிலேட்டையே கையில் கொடுத்தார். அதன் மரச்சட்டத்தில் ஆணியால் கீறிய ‘வே’ இருந்தது.

“இன்னைக்கு எல்லாரும் சாரைப் பத்தி எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச நெசத்தை எழுதுங்க. நாலு வரி போதும்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்தார்கள். பல்பம் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல வாத்தியார், கோபப்பட மாட்டார் என்று எழுதுவார்கள் என்று அவருக்குள் ஒரு சின்ன ஆசைகூட எட்டிப் பார்த்தது. வெட்கக்கேடுதான். ஆனாலும் எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் சண்முகக்கனியைக் கவனித்தார். நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வரி முடிந்து இன்னொரு வரி. அதுவும் முடிந்து இன்னொன்று.

அவருக்கு அடுப்படிச் சுவர் ஞாபகம் வந்தது. பகவதி போன அன்றைக்கு அந்தச் சுவரில் சாம்பார் வழிந்து காய்ந்திருந்தது. கீழே வேறொரு கறையும் இருந்தது. சண்முகக்கனி இரண்டு நாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்திருந்தார்.

தமயந்தி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

“எழுதியாச்சா? சார், எந்திரிச்சுப் போய் ஒவ்வொண்ணா படிங்க. சத்தமா படிங்க. மைக் வேணும்னா நூலகத்துல கேட்டு வாங்கிக்கலாம்.”

அவர் வேலுத்தாயின் சிலேட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் டீச்சர்.”

“ஏன் சார்? அவங்களும் பேர் போடல.”

“வேண்டாம் டீச்சர். உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்.”

 இருப்பவர்களில் மூத்தவள் இசக்கியம்மாள், முட்டியில் கையூன்றி எழுந்தாள். வாளிக்குப் போய்த் துணியை நனைத்துப் பிழிந்தாள். வந்து உட்கார்ந்து தன் சிலேட்டை அழித்தாள்.

“அது அவுக வீட்டு விசயம்லா டீச்சர். விடுங்க.”

துணி அடுத்தவளிடம் போனது. அவளும் அழித்தாள். பத்துப் பேர் அழித்து முடித்ததும் கடைசியாகச் சண்முகக்கனியிடம் வந்தது. அவள் ஒருமுறை துடைத்தாள். சிலேட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இன்னொரு முறை துடைத்தாள். துணியை அவரிடம் நீட்டினாள்.

வேலுத்தாயின் சிலேட்டில் அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை. இருந்தும் வாங்கிக்கொண்டார்.

பெண்கள் போனபின் அவரும் தமயந்தியும் மட்டும் இருந்தார்கள். தமயந்தி பாய்களைச் சுருட்டினார். ஆவுடையப்பன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

“எல்லாருக்கும் தெரியுமா டீச்சர்?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“நீங்க மொத நாள் இங்க வர்றதுக்கு முந்தியே.”

“டீக்கடையில… யார்ட்டயும்…?”

“யார்ட்டயும் சொன்னதில்ல.”

வெளியே பஸ் ஒன்று போனது. அவர் கையில் ஈரத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“இவ்வளவும் தெரிஞ்சு என்னை எதுக்கு உள்ள விட்டீங்க?”

“வகுப்பைக் கேட்டப்பதான் எனக்கே தெரிஞ்சது சார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். வேலுத்தாய்தான் விடச் சொன்னா.”

“அவளா? என்ன சொன்னா?”

தமயந்தி அவர் கையிலிருந்த துணியை வாங்கினார். தண்ணீரில் அலசிப் பிழிந்து வாளி விளிம்பில் காயப்போட்டார்.

“‘நாம எழுதி அழிச்சிட்டுத்தான டீச்சர் வீட்டுக்குப் போறோம். அந்த மனுசனும் எதையோ அழிக்கத்தான் இங்க வாராரு போல. பாவம், வரட்டும்’னா.”