கவுதாரிக்கு ஒரு துப்பாக்கி

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடை. ஜமீன்தார் துரைராசு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மைத்துனர். எதிரே கைகட்டி நின்றான் ஒச்சப்பன். வேட்டையில் கவுதாரியைக் கிளப்பிவிடுவதும், சுட்டு விழுந்ததைப் பொறுக்கி வருவதும் அவன் வேலை.

"குழல் மேலொண்ணு கீழொண்ணா இருக்கணும். விலை குறைவா இருக்கணும். நீயே எடு. நாளைக்கு வேட்டைக்குக் கலெக்டர் துரை கூட வர்றார். ஒரு வெடி தப்பினாலும் நீ குடிசையைக் காலி பண்ணிட்டு ஊரைவிட்டுப் போயிடணும்" என்றார் ஜமீன்தார்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். புதியது ஆயிரத்து இருநூறு. கை மாறி வந்த பழையது முந்நூறு. ஒச்சப்பன் இரண்டையும் மடக்கித் திறந்தான், ஆட்டிப் பார்த்தான். பழையதைத் தோளில் பொருத்தினான்.

"இது போதும் எசமான். பூட்டு ஆடலை. கனமும் குறைச்சல்."

"குறி தப்பினா?"

"நாலு வருசமா தப்பலையே எசமான்."

"அது என் கை. இது எவனோ தேய்ச்ச இரும்பு. போறதுக்கு மூட்டையைக் கட்டு."

ஒச்சப்பன் மைத்துனரிடம் திரும்பினான். "சாமி, நாலு வருசமா அரண்மனையில கவுதாரிக் கறி சாப்பிடுறீங்க. ஒரு தடவையாவது பல்லுல ஈய ரவை கடிபட்டுச்சா?"

மைத்துனர் யோசித்தார். "இல்லையே."

"எப்படிக் கடிபடும்? விடியுமுன்னே நான் கண்ணி வச்சுப் பிடிச்சதுங்க அது. எசமான் சுட்டதும் பையிலிருந்து எடுத்துக் காட்டுறேன்."

ஜமீன்தார் முகம் கறுத்தது. கை பிரம்பைத் தேடியது. ஒச்சப்பன் நகரவில்லை.

"நாளைக்குத் துரை வர்றார். நான் ஊரைவிட்டுப் போகட்டுமா, கண்ணி வைக்கட்டுமா?"

ஜமீன்தார் பிரம்பைத் தேடிய கையை மடக்கிக்கொண்டார்.

"பழையதைக் கட்டுங்க" என்றார் ஜமீன்தார் கடைக்காரரிடம். பிறகு ஒச்சப்பன் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நாளைக்கு எத்தனை விழும்?"