குகைக்குள் பரிதி

புதிர் போடுகிறவருக்கு விடை தெரிந்திருக்கும் என்றுதான் ஊரே நம்புகிறது. எழுத்தாளர் குலசேகரனும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். இடப்புறம் திரும்பினால் புத்தகத்தின் இருபதாம் பக்கத்துக்குப் போ, வலப்புறம் என்றால் முப்பதாம் பக்கத்துக்குப் போ என்று, படிக்கிற பிள்ளைகளே வழி பிடித்துப் போகும் சாகசக் கதைகள் அவருடையவை.

பள்ளி விழாவில் மைக்கைப் பிடித்தார்.

"என் கதாநாயகன் பரிதியைக் குகையிலேர்ந்து வெளியே கொண்டுவர இதுவரை ஒரு பிள்ளையாலயும் முடியலை. வழி சொல்றவங்களை அடுத்த கதையில அவனுக்குக் கூட்டாளி ஆக்கிடறேன்."

கடைசி வரிசையில் இசக்கி எழுந்தாள். அவள் பக்கத்து நாற்காலி எப்போதும்போலக் காலி.

"நீங்க முன்னால போங்க சார். நான் பின்னாலயே வர்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினார். பாலத்தைக் கடந்து சுரங்கத்தில் இறங்கினால் வௌவால் கூடம். வேறு வழி பிடித்தார். மறுபடியும் அதே வௌவால் கூடம். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் சிரிப்பு நின்றுபோயிற்று.

"வெளியே வர்ற பக்கம் புத்தகத்துல இருக்கு சார். அங்க போன்னு எந்தப் பக்கத்துலயும் நீங்க எழுதலை."

"அப்ப அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"லீவுக்கு விடுதியில நான் மட்டும்தான் இருந்தேன். சேர்ந்து விளையாட ஆளில்லை. அதனால முதல் பக்கத்துலேர்ந்து வரிசையாப் படிச்சேன்."

குலசேகரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, நீதான் கூட்டாளி."

"அது மெதுவா ஆகட்டும் சார். முதல்ல அவனை வெளியே விடுங்க. இத்தனை வருஷமாத் தனியா இருக்கான்."