கடையாணியை உருவியவள்

முன்னொரு காலத்தில் மேலைச்சீமையை விருதராசர் என்றொரு ராஜா ஆண்டார். கடைசியாக யார் பேசினார்களோ அவர் சொன்னதுதான் அவருக்கு வேதம். என்னத்தைச் சொல்ல!

அந்தச் சீமையில் சில்லாங்குறிச்சி என்று முப்பது வீட்டு ஊர். ஒரு குழி நிலம் கிடையாது. கொல்லர், தச்சர், வடம் திரிப்பவர்கள்தான் குடி. சுற்றியுள்ள ஏழு ஊரில் உழுது பிழைக்கும் சம்சாரிகளுக்கும் கலப்பை, வண்டி எல்லாம் அங்கேதான். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவர்களுக்குப் பங்கு நெல் அளந்துவிடுவார்கள்.

பிரதானி செண்பகராயனுக்குக் குதிரை மேய்க்க அந்த இடம் வேண்டுமாம். "ஒரு மணி நெல் விளைவிக்காமல் உட்கார்ந்து தின்கிறார்கள், மகாராஜா!" என்று ஓதினான்.

"அப்படியா? விரட்டு" என்றார் ராஜா.

ஊருக்காக அரண்மனைக்குப் பேச வந்தவள் கொல்லன் பெண்டாட்டி உலகாயி. விதைப்பு மழை பெய்து பட்டறையில் வேலை குவிந்திருந்தது. மூன்று நாளாக உலைத் துருத்தி ஊதி அவள் கண் கோவைப்பழமாகியிருந்தது. வாதாடத் தெம்பில்லை.

"போறோம் சாமி. எங்க கையால செஞ்சதை மட்டும் எடுத்துக்க உத்தரவு குடுங்க."

"சட்டி பெட்டிதானே, தாராளமாக!" என்றான் செண்பகராயன். ராஜாவும் தலையாட்டினார்.

வாசலில் செண்பகராயனின் வண்டி நின்றது; உலகாயி அதன் சக்கரத்துக் கடையாணி இரண்டையும் எல்லாரும் பார்க்க உருவினாள். "இது எங்க பட்டறையில அடிச்சது."

"ஆணிதானே, கொண்டு போ!" என்று சிரித்து வண்டியேறினான். பத்தடி போகவில்லை, சக்கரம் ஒரு பக்கம், பிரதானி சாணிக்குழியில்!

மறுநாள் ஏழு ஊரும் அரண்மனை வாசலில் வந்து நின்றது. "சில்லாங்குறிச்சிக்காரங்க எங்க கலப்பைக் கொழுவைக் கழட்டிட்டாங்க, ஏத்தத்து வடத்தை அவுத்துட்டாங்க. ஈரம் காயுது ராஜா, எதை வச்சு உழ?"

உழவில்லாவிட்டால் தன் சோறும் இல்லை என்று ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "உட்கார்ந்து தின்றது நாம்தானடா!" என்று செண்பகராயனைப் பார்த்துச் சீறினார். "உலகாயி, ஊர் உன்னுடையது. இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஒரு பகல் தூங்கணும் சாமி. ஆனா நான் துருத்தியை விட்டா என் வீட்டுக்காரர் உலை அணைஞ்சிடுமே."

ராஜா செண்பகராயனைப் பார்த்தார்.

அன்று பட்டறையில் பட்டு வேட்டியை வரிந்துகட்டித் துருத்தி ஊதினான் பிரதானி. பக்கத்திலேயே உலகாயி முந்தானையை விரித்துச் சுருண்டிருந்தாள். கை கடுத்து அவன் சற்று நிறுத்தினான்.

"ஊதுங்க சாமி" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இன்னும் அஞ்சு ஊரு கொழு கிடக்கு."