ஒன்பது துணிக்குள் ஒரு வெளிச்சம்

மேடவாக்கம் தாண்டி பவழ மாளிகை என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நாற்பத்தெட்டு வீடு. அத்தனை பேரும் படித்தவர்கள். வேறு குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

பெயரில் பவழம் இருக்கிறதே, கட்டடத்தில் எங்கே என்று யாரோ விளையாட்டாகக் கேட்டுவிட்டார்கள். அசோசியேஷன் செயலாளர் தண்டபாணிக்கு விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே மாதத்தில் லாபியில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், உயிருள்ள பவழம், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன். மாளிகை எங்கே என்று யாரும் கேட்காதது அந்த நாற்பத்தெட்டுக் குடும்பங்களின் பூர்வ புண்ணியம்.

ஆறு மாதம் கழித்துத் தொட்டிக்குள் சிவப்பாக ஏதோ படர்ந்தது. முதலில் மணல்மேல், பிறகு பவழத்தின்மேல், கல்யாண மண்டபக் கம்பளம் மாதிரி. மூன்றாம் மாடி பத்மாசனி மூக்கைப் பொத்திக்கொண்டு அறிவித்தாள்.

"ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. அதுக்குள்ள இந்தச் செவப்பு போகலைன்னா தொட்டியும் போகும், செக்ரட்டரியும் போவார். அந்த எடத்துல செருப்பு ஸ்டாண்ட் வரும்."

தண்டபாணி ஏழு வருடமாகச் செயலாளர். வீட்டில் அவர் பேச்சை மிக்ஸிகூடக் கேட்பதில்லை. லாபியில்தான் நாலு பேர் 'சார்' என்கிறார்கள். அந்த இடத்தில் செருப்பா?

மீன் கடை ரிச்சர்டுக்குப் போன் போட்டார்.

"சார், அது பாசி இல்ல, பாக்டீரியா. தீனியும் வெளிச்சமும் கெடச்சா அது பாட்டுக்கு வளரும். மொதல்ல சாப்பாட்டைப் பாதியாக் கொறைங்க. கால்வாசித் தண்ணிய மாத்துங்க, ஆனா உப்பு துளி மாறக்கூடாது. அப்புறம் தொட்டி லைட்டை அணைச்சு, மூணு நாள் கறுப்புத் துணி போட்டு மூடிடுங்க. உள்ள கும்மிருட்டா இருக்கணும்."

தண்டபாணி எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

அதுவரை ஏழெட்டு வீட்டுக்காரர்கள்தான் போகவர ஒரு சிட்டிகைத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே சுற்றறிக்கை போனது: 'இனி ஒவ்வொரு வீடும் அரைச் சிட்டிகை மட்டுமே போட வேண்டும்.' சுற்றறிக்கை என்று வந்துவிட்ட பிறகு போடாமல் இருக்க முடியுமா? மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காத நாற்பது வீடும் வரிசையில் நின்று போட்டன. ஊருக்குப் போயிருந்த இரண்டு வீட்டுக்கு, பாவம், வாட்ச்மேன் போட்டார். மறுநாள் மீன் இரண்டும் பந்தியிலிருந்து எழுந்திருக்க முடியாத சம்பந்தி வீட்டார் மாதிரி மூலையில் கிடந்தன.

அடுத்தது தண்ணீர். இணைச் செயலாளர் உப்பிலி, கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டியிலிருந்து எட்டு வாளித் தண்ணீர் எடுத்து வரிசையாக வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"உப்பு துளி கூடினாலும் தப்பு, கொறஞ்சாலும் தப்பு. சரியா இதே உப்பு இருக்கற தண்ணிக்கு எங்க போறது?"

வக்கீல் ஞானமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வாளில இருக்கே."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு மூளை ஒரே லாபியில் சேர்ந்தும் ஃபியூஸ் போகாதது ஆச்சரியம்தான். எட்டு வாளியையும் அப்படியே திருப்பி ஊற்றினார்கள்.

வியாழக்கிழமை காலை, தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, வக்கீலின் கறுப்பு கவுனைத் தொட்டிமேல் போர்த்தினார்கள்.

"இருட்டாயிடுச்சா?" என்றார் தண்டபாணி.

"மூடியிருக்கே, எப்படித் தெரியும்?" என்றார் உப்பிலி.

"உள்ள எட்டிப் பாத்தாப் போச்சு."

"இருட்டுல எப்படி சார் பாப்பீங்க?" என்றார் வக்கீல்.

நியாயமான கேள்வி. தண்டபாணி வீட்டுக்கு ஓடி டார்ச்சை எடுத்துவந்தார். துணிக்குள் தலையை நுழைத்து டார்ச்சை அடித்தார். தலை வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள பளபளன்னு வெளிச்சம்யா!"

ரிச்சர்டுக்குப் போன். "தம்பி, துணி போட்டும் வெளிச்சமா இருக்கே!"

"இன்னொரு துணி போடுங்க சார்."

"எத்தன போடறது?"

"இருட்டாகற வரைக்கும்."

தண்டபாணி சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய வேட்டி வந்தது. இரண்டு குடைத்துணி வந்தது. தண்ணீர் கேட்டுப் போராட வாங்கி, அன்றைக்கென்று பார்த்து லாரி வந்து தொலைத்ததால் மிஞ்சிப்போன கறுப்புக்கொடிகள் வந்தன. மொத்தம் ஒன்பது. மணிக்கொரு தடவை முறைபோட்டு டார்ச்சோடு தலையை விட்டுப் பார்த்து, வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் எழுதினார்கள். 'பத்து மணி: வெளிச்சம் உண்டு. பதினொரு மணி: வெளிச்சம் உண்டு. பன்னிரண்டு மணி: டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டோம். வெளிச்சம் இன்னும் அதிகம்.'

ஞாயிற்றுக்கிழமை, கூடியிருந்த ஜனத்தின் முன்னால் துணிகளை உருவினார்கள். தொட்டிக்குள் மணலும் தெரியவில்லை, பவழமும் தெரியவில்லை. எல்லாம் ஒரே சிவப்பு.

"என்ன சார் இது?" என்றாள் பத்மாசனி.

தண்டபாணி ரிஜிஸ்டரை நீட்டினார். "மேடம், ஒம்பது துணி. மூணு நாள். ஒரு நிமிஷம்கூட இருட்டல. உள்ளேர்ந்தே வெளிச்சம் வருது. நாங்க என்ன பண்ண?"

"காதுல பூ சுத்தாதீங்க."

"நீங்களே பாத்துக்கோங்க."

ஒன்பது துணியும் மறுபடி ஏறின. உப்பிலி மரியாதையாக டார்ச்சை நீட்டினார். பத்மாசனி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தலையை நுழைத்தாள்.

வெகுநேரம் கழித்துத் தலை வெளியே வந்தது.

"ஆமா," என்றாள். "இருக்கு."

பிறகு இடுப்பில் கை வைத்து மேலே பார்த்தாள். "இவ்ளோ வெளிச்சத்தை உள்ள வெச்சுக்கிட்டு இந்த ட்யூப்லைட்டெல்லாம் எதுக்குய்யா தண்டமா எரியுது?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. துணிகளை எடுத்துவிடுவது, தொட்டி விளக்கையும் லாபி விளக்குகளையும் கழற்றிவிடுவது, இப்பேர்ப்பட்ட தொட்டியைக் கொண்டுவந்த தண்டபாணியே ஆயுள்காலச் செயலாளர்.

அன்று மாலை ஏழு மணிக்கு லாபியிலிருந்து ஓர் அலறல். "சார்! படி தெரியல சார்! ஒரே இருட்டு!"

தண்டபாணி டார்ச்சோடு இறங்கி வந்தார். தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் அடித்துப் பார்த்தார்.

"பொறாமைல பேசாதீங்க. பளிச்சுன்னு இருக்கு!"

ரிஜிஸ்டரைத் திறந்து, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'ஏழு மணி: வெளிச்சம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, பேட்டரி வீணாகக் கூடாதே என்று டார்ச்சை அணைத்துவிட்டு, சுவரைத் தடவித் தடவி வீடு போய்ச் சேர்ந்தார்.